நாய்க்குச் சோறு போட்டால் குற்றமா?

குட்டீஸ்... பசியோடு வரும் நாய்க்கு ஒரு பிஸ்கட் போடுவது குற்றமா? ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு அது குற்றம்தான்! விலங்குகளை வளர்க்கக் கூடாது, உணவும் போடக் கூடாது என்று, 'பொது உத்தரவு எண் 1'ல் எழுதியே வைத்திருந்தனர்.

அதில் மாட்டிக்கொண்டவர், மேஜர் பிரையன் டென்னிஸ். 2007ல், ஈராக்கின் அன்பார் மாகாணத்தில், சிரியா எல்லையோரக் கோட்டை ஒன்றுக்கு அவரது குழு அடிக்கடி போய்வந்தது. அங்கே திரிந்த ஒரு நாய்க்கு இரண்டு காதுகளும் இல்லை. யாரோ அறுத்துவிட்டிருந்தனர். காது இருந்த இடத்தில் குட்டையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்ததால், 'நப்ஸ்' என்று பெயர் வைத்தார். போகும்போதெல்லாம் உணவு கொடுத்தார். டிசம்பரில் போனபோது, நாயின் உடம்பில் ஸ்குரூ டிரைவரால் குத்திய காயம்! மருந்து தடவி, கடுங்குளிரில் இரவு முழுக்க அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்.

பிறகு அந்தக் குழு, சுமார் 110 கி.மீ., தள்ளியிருந்த முகாமுக்குக் கிளம்பியது. நாயை விட்டுவிட்டுத்தான் போனார்கள். இரண்டு நாள் கழித்து, முகாமில் வந்து நிற்கிறது நப்ஸ்! முன்பின் தெரியாத பாதையில், அந்தக் குளிரில் எப்படி நடந்து வந்ததோ, அது அதற்கே வெளிச்சம்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. நான்கு நாளில் நாயை அப்புறப்படுத்த வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது.

ராணுவத்துக்கு இரக்கமே இல்லையா என்று கோபம் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். வெறிநோய் பிடித்த நாய் கடித்தால், அதன் எச்சில் வழியே கிருமி நம் உடலுக்குள் போய்விடும். உடனே தடுப்பூசி போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால், காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். 2011 ஜனவரியில், ஆப்கானிஸ்தானில் நாய்க்கடி பட்ட ஒரு அமெரிக்க வீரர், ஊர் திரும்பியபின் ஆகஸ்டில் வெறிநோயால் இறந்தார். போருக்குத் தப்பியவர், நாய்க்கடிக்குத் தப்பவில்லை! அதன்பிறகு, வேறு யாரையெல்லாம் நாய் கடித்தது என்று ராணுவம் தேடித்தேடி சிகிச்சை கொடுத்தது.

ஆக, உத்தரவில் நியாயம் இருக்கிறது. டென்னிஸ் அதை மீறியதும் உண்மைதான். ஆனால், கெடு விதித்தபின் அவர் செய்ததைப் பாருங்கள். நாயை ஒளித்துவைக்கவில்லை, விரட்டவும் இல்லை. உறவினர்களும் நண்பர்களும் திரட்டிய பணத்தில், பக்கத்து நாடான ஜோர்டானுக்கு அனுப்பினார். அங்கே கால்நடை மருத்துவர் பார்த்து, தடுப்பூசி போட்ட பிறகுதான் விமானம். ராணுவம் எதற்குப் பயந்ததோ, அந்தப் பயத்துக்கே வழி பண்ணிவிட்டார்!

2008ல் நப்ஸ், அமெரிக்காவின் சான் டியாகோ நகரம் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் போர்ப்பணி முடிந்து டென்னிசும் அங்கே வந்தார். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டு, அவர்மேல் தாவி, முகமெல்லாம் நக்கித் தீர்த்ததாம் நப்ஸ்.