பெயர் பொறித்த வெள்ளியும் இலக்கம் அடித்த தகரமும்

பழைய போர்ப் பதக்கங்களைச் சேகரிப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, அதுவும் ஆண்களுக்குரிய சங்கதி என்ற எண்ணம் நம்மவர் பலரிடம் இருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. பூண்டுலோயா போன்ற மலையக ஊர்களில் வாழும் நாமே இதைப் பற்றி அதிகம் சிந்திக்க வேண்டியவர்கள் என்பது என் கருத்து.

1900ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டது. மலையகத் தோட்டங்களை நிர்வகித்த ஐரோப்பியத் துரைமாரே அதன் வீரர்கள். முதலாம் உலகப் போர் மூண்டதும், 1914 ஒக்டோபரில், அவர்களில் ஏறத்தாழ 240 பேர் எகிப்துக்குக் கப்பலேறினர். அடுத்த ஆண்டு துருக்கியின் கலிபொலிப் போர்முனையில் ஜெனரல் பேர்ட்வூட்டின் மெய்க்காவலராகவும் சிலர் நின்றனர்.

அந்தப் போருக்காகப் பிரித்தானிய அரசு வழங்கிய போர்ப் பதக்கம் 36 மில்லிமீற்றர் விட்டமுள்ள வெள்ளி வட்டம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், மறுபக்கம் ஒரு குதிரைவீரன். சுமார் 65 இலட்சம் பதக்கங்கள் இப்படி ஒரே அச்சில் வந்தன. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது விளிம்பு மட்டுமே. பெற்றவரின் பெயரும் படைப்பிரிவும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும்.

அதே பதக்கம் வெண்கலத்திலும் வெளியானது. சுமார் 1,10,000 வெண்கலப் பதக்கங்கள், பெரும்பாலும் சீன, இந்திய, மால்டா தொழிற்படையினருக்குக் கொடுக்கப்பட்டன. போர் ஒன்றுதான், அச்சும் ஒன்றுதான். மூட்டை சுமந்தவருக்கு மட்டும் உலோகம் மாறிவிட்டது!

நம் தோட்டங்களில் உழைத்தவர்களுக்கு அந்த வெண்கலமும் இல்லை. அவர்கள் கண்ட உலோக வில்லை வேறு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தபோது, தோட்டத்தின் இலக்கம் அடித்த 'டின் டிக்கட்' கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது, பயணச் செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்கு அதுவே அடையாளம். துரையின் வெள்ளியில் பெயர் இருந்தது. தொழிலாளியின் தகரத்தில் இலக்கம் இருந்தது.

இரண்டாம் உலகப் போரிலும் நிலை மாறவில்லை. 1940 ஜூலையில் பிரித்தானியாவில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. ஒருவருக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ். அந்தத் தேயிலையில் ஒரு பங்கு இலங்கை மலைகளில் பெண்கள் கொய்த கொழுந்து. அவர்களின் கூடைக்கு எவரும் பதக்கம் சூட்டவில்லை.

"அந்நியனின் போர், அந்நியனின் பதக்கம், நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பாதுகாப்பது வேறு, கொண்டாடுவது வேறு. யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதற்கு அந்தப் பதக்கமே சாட்சி. 1979–80இல் வெள்ளி விலை ஏறியபோது உலகின் பல இடங்களில் இத்தகைய பதக்கங்கள் உருக்கப்பட்டன. உருகியது வெள்ளி மட்டுமல்ல, விளிம்பிலிருந்த பெயர்களும்தான்.

ஆகவே, வீட்டில் பதக்கம் இருந்தால் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்துவிடாதீர்கள். பளபளப்பாக்குகிறோம் என்று மெருகுப் பசை போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்கப் பெயர் மங்கும். பழைய நாடாவைக் கழற்றாதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து வைத்தால் வியர்த்து, பச்சை பிடிக்கும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதி ஒன்றையும் உடன் வைத்தால் போதும்.

அதைவிட முக்கியம், எழுதி வைப்பது. பிரித்தானியா வழங்கிய இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலானவற்றில் பெயரே இல்லை. அது யாருடையது என்று சொல்ல வீட்டுப் பெரியவர்களைத் தவிர வேறு ஆளில்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால், அது வெறும் உலோகத் துண்டாகிவிடும்.

கல்லூரிகளில் இதற்கென ஒரு பதிவேடு தொடங்கலாம் என்பது என் யோசனை. பொருளை எவரும் கொடுக்க வேண்டியதில்லை. அது வீட்டிலேயே இருக்கட்டும். வீட்டாரின் அனுமதியோடு முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு ஆகியவற்றின் படங்களும் ஒரு பக்கக் குறிப்பும் போதும். ஆனால் பதக்கங்களோடு நின்றுவிட்டால் பழைய அநீதியையே நாமும் திரும்பச் செய்தவர்களாவோம். டின் டிக்கட், செக்ரோல் துண்டு, பழைய சம்பளச் சீட்டு, பாட்டி வாயால் சொன்ன பெயர்கள் எல்லாம் அதே பதிவேட்டில், அதே மரியாதையோடு இடம்பெற வேண்டும்.

பெற்றோர்களே, அலுமாரியின் அடித்தட்டில் கிடப்பதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளிடம் அதன் கதையைச் சொல்லுங்கள். தோழியரே, பேனாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு அருகில் உட்காருங்கள்.