அது படிப்புக்குப்பா!

போன ஞாயிற்றுக்கிழமை காலை பாகூரிலிருந்து தங்கச்சி போன். "அண்ணா, கொஞ்சம் கிளம்பி வா. பையன் ரெண்டு நாளா சரியாவே சாப்பிடலை."

பதறிப்போய் வில்லியனூரிலிருந்து வண்டியை விரட்டினேன். போய்ப் பார்த்தால் பையன் தெம்பாகத்தான் இருந்தான். வியாதியின் பெயர் பிளேஸ்டேஷன்!

காலேஜ் முதல் வருஷம் படிக்கிறான். டி.வி.யில் சொருகி ஆடுகிற கேம் பெட்டி (அதாகப்பட்டது, கன்சோல்) வேண்டுமாம். "கம்ப்யூட்டர்னா வாங்கித் தரேன். இது எதுக்கு?" என்கிறார் மாப்பிள்ளை. நெல் போட்ட காசு கையில் இருக்கிறது. போர் மோட்டாரோ காயில் கட்டச் சொல்லிக் காத்திருக்கிறது. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் என்கிற ஒரே தகுதியில் நான்தான் நடுவர். (எக்செல்லில் ஒரு வரி நுழைக்கவே பக்கத்து சீட்டைக் கெஞ்சுகிறவன் என்ற செய்தி பாகூர் வரை இன்னும் எட்டவில்லை.)

மாப்பிள்ளை குளிக்கப் போன நேரம் பார்த்து, பையன் என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"மாமா, கன்சோலுக்கு எதிர்காலம் இருக்கா, பி.சி.க்கு இருக்கா? நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாரு."

எதிர்காலம் கிடக்கட்டும். கடந்த காலத்தில் எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது.

* * *

1995 வாக்கில் வில்லியனூரில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் திண்ணையில் டி.வி. கேம் வைத்திருந்தார். அரை மணிக்கு மூன்று ரூபாய். ஜப்பான் நின்டெண்டோவின் நகல் அது. கேசட் ஓடாவிட்டால் கழற்றி வாயால் 'ஃபூ' என்று ஊதுவோம். (ஊதி ஊதித்தான் அது கெட்டது என்று ரொம்ப நாள் கழித்துப் படித்தேன்.) மேலே '9999 கேம்' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபது தேறாது. மீதியெல்லாம் அதே மரியோ, வேறு வேறு பெயரில். கான்ட்ராவுக்கு ஜோடி சேர்ந்தால்தான் ருசி. ஆகவே ஒன்றரை ரூபாய் வைத்திருப்பவன் இன்னொரு ஒன்றரை ரூபாயைத் தேடித் தெருத்தெருவாக அலைவான். எனக்கு வாய்த்த சிநேகிதர்களில் பாதிப் பேர் அப்படிக் கிடைத்தவர்கள்தான்.

வீட்டுக்கு ஒன்று வாங்கச் சொல்லிக் கேட்டேன். "எதுக்கு?" என்றார் அப்பா. என்னிடம் பதில் இல்லை. அதோடு முடிந்தது.

அந்த "எதுக்கு?"வில்தான் விஷயமே இருக்கிறது. நம் வீடுகளுக்குள் ஒரு சாமான் நுழையப் பணம் மட்டும் போதாது, சாக்கு வேண்டும். ஜப்பான்காரன் இதை என்றைக்கோ புரிந்துகொண்டான். 1983-ல் நின்டெண்டோ அந்தப் பெட்டிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'! அதே வருஷம் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. கேம் என்றாலே கடைக்காரர்கள் கும்பிடு போட்டு அனுப்பினார்கள். 1985-ல் நின்டெண்டோ அங்கே போனபோது கூடவே ஒரு குட்டி ரோபோவையும் சேர்த்து, 'இது பொம்மைங்க' என்று உள்ளே நுழைத்தது. சீனாவில் அதன் நகலுக்கு ஒரு கீ-போர்டை மாட்டிப் 'படிக்கும் மெஷின்' என்று விற்றார்கள். விளம்பரத்தில் யார்? ஜாக்கி சான்! 2000-ல் வந்த பிளேஸ்டேஷன்-2 டி.வி.டி.யும் போடும். 'படம் பார்க்கத்தான்' என்று சொல்லிக்கொள்ளலாம். 16 கோடி பெட்டிகள் விற்றன. (கேம்களும் நன்றாக இருந்தன, ஒப்புக்கொள்கிறேன்.)

* * *

எனக்கும் ஒரு சாக்கு கிடைத்தது. 2001, காலேஜ். "கம்ப்யூட்டர் வேணும்பா. படிப்புக்கு."

இந்தத் தடவை "எதுக்கு?" வரவில்லை. அப்பா மில்லில் லோன் போட்டார். பென்டியம்-3 வந்து இறங்கியது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள்.

ரோட் ராஷ் என்று ஒரு கேம். பைக் ஓட்டிக்கொண்டே பக்கத்து பைக்காரனைச் செயினால் விளாச வேண்டும். ஒரு ராத்திரி நான் மும்முரமாக விளாசிக்கொண்டிருக்கும்போது பின்னால் அப்பா நிற்கிறார்.

"இது என்னப்பா பாடம்?"

"கிராஃபிக்ஸ்பா."

"ம்... கண்ணு கெட்டுடாம பாத்துக்கோ." டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் டீக்கடையில், "பையன் கிராஃபிக்ஸ் படிக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். அந்த செமஸ்டரில் எனக்கு மூன்று அரியர். லோன் பிடித்தம் அதற்கப்புறமும் மாசாமாசம் ஓடியது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இனிமேல் கேட்க அவரும் இல்லை.

* * *

மருமகனிடம் எனக்குத் தெரிந்த ஜோசியத்தைச் சொன்னேன். பி.சி. சாகாது. ஏனென்றால் அதே பெட்டியில் டாலி போடலாம், ரெஸ்யூமே அடிக்கலாம். எங்கள் புதுச்சேரி ஒட்டுப்போட்ட துணி மாதிரி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்து, அந்தப் பக்கம் தமிழ்நாடு. 2011-ல் தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் கொடுத்தபோது அந்தப் பக்கத்துப் பையன்கள் அதில் முதலில் ஏற்றியது என்ன, பாடமா? சாக்கை அரசாங்கமே கையில் கொடுத்துவிட்டது! போனுக்கு அதுகூட வேண்டாம். 2020-ல் வீடுவீடாக ஆன்லைன் கிளாஸ், நடுநடுவே பப்ஜி. செப்டம்பரில் தடை போட்டார்கள். அடுத்த ஜூலையில் அதுவே வேறு பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கன்சோல்தான் பாவம். பி.எஸ்.-5, 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். அதற்கப்புறம் புது கேம் ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் அழ வேண்டும். அதில் மட்டும்தான் ஆடலாம் என்றிருந்த ஹொரைஸனை 2020-லும், காட் ஆஃப் வாரை 2022-லும் சோனியே பி.சி.க்குக் கொடுத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டும் தன் ஃபோர்ஸா ஹொரைஸன்-5-ஐ 2025-ல் எதிராளியின் பிளேஸ்டேஷனிலேயே கொண்டுபோய் விற்றது. வேலி சாய்ந்துகொண்டிருக்கிறது; இந்தப் பக்கம் நின்றால் என்ன, அந்தப் பக்கம் நின்றால் என்ன?

"அதனால பி.சி.யே வாங்கிக்கோடா. படிப்புக்குன்னு நானே சொல்லிடறேன்."

பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அந்தக் காசுக்கு வர்ற பி.சி.ல நான் கேக்கற கேம் ஓடாது மாமா. கிராஃபிக்ஸ் கார்டுக்கே பாதிக் காசு போயிடும். ஏ.ஐ. கம்பெனிங்க மெமரியை அள்ளிட்டுப் போனதுல 2025 கடைசியில அந்த விலையும் ஏறிப்போச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "அதோட, எனக்கு விளையாடத்தான் வேணும். படிக்கறதுக்கு காலேஜ்ல லேப் இருக்கு. அப்பாகிட்ட எதுக்குப் பொய்?"

எனக்கு அந்த டேபிள் ஃபேன் சத்தம் கேட்டது.

உள்ளே போனோம். மாப்பிள்ளை ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை, இது படிப்புக்கு இல்லீங்க. ஒண்ணுக்கும் உதவாது. சும்மா விளையாடறதுக்குத்தான்" என்றேன்.

'இதைச் சொல்லவா உன்னைக் கூப்பிட்டேன்' என்கிற மாதிரி தங்கச்சி முறைத்தாள்.

மாப்பிள்ளை துண்டால் தலையைத் துவட்டினார். துவட்டிக்கொண்டே இருந்தார்.

"மச்சான், அதுல ரெண்டு பேர் ஆடலாமா?"

"ஆடலாம்."

"கான்ட்ரா வருமா?"

"2024-ல புதுசாவே ஒண்ணு வந்துச்சுப்பா" என்றான் பையன், நம்ப முடியாமல்.

மாப்பிள்ளையின் இரண்டு கட்டைவிரலும் துண்டுக்கு மேலே தானாக அசைந்தன. "மேல மேல, கீழ கீழ, லெஃப்ட்டு ரைட்டு, லெஃப்ட்டு ரைட்டு, அப்புறம் பி, ஏ... முப்பது உசுரு கெடைக்கும்."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் தங்கச்சி அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"மொதல்ல மோட்டாருக்குக் காயில் கட்டுவோம். மீதி எவ்ளோ நிக்குதுன்னு பாப்போம்" என்றார் மாப்பிள்ளை.

பையன் அம்மா பக்கம் திரும்பினான். "இட்லி இருக்காம்மா?"