கல் நகரவில்லை, எல்லை நகர்ந்தது

பாறசாலையிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில், தக்கலையைத் தாண்டியதும் புலியூர்க்குறிச்சி. அங்கே உதயகிரிக் கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் சிறு தேவாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் தோற்று மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனிக்காரர். பிறகு அதே மன்னரின் படையைப் பழக்கித் தளபதியானவர். 1777இல் இறந்தார்.

கல்லறையில் இரண்டு மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். லத்தீன், தமிழ். லத்தீன் அவர் சார்ந்த திருச்சபைக்காக. தமிழ், வழியில் போகும் ஊர்க்காரனுக்காக. திருவிதாங்கூர்த் தளபதியின் கல்லில் தமிழ் இருப்பதை அன்று யாரும் அதிசயமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

1956 நவம்பர் 1ஆம் தேதி கோடு விழுந்தது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. டிலனாயின் கல்லுக்கு அதிர்ஷ்டம்; தமிழ் படிப்பவர்கள் பக்கம் நின்றுவிட்டது. ஊர்ச் சாமானியர்களின் கற்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. லண்டன் மிஷனின் ஜான் ஆப்ஸ் 19ஆம் நூற்றாண்டில் ஊழியம் செய்த பாறசாலை வட்டாரம், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கிய பூமி. அங்கே தாத்தாவின் கல்லில் தமிழ் இருந்தால், மலையாளப் பள்ளியில் படித்த பேரன் என்ன செய்வான்? களியக்காவிளைப் பக்கம் பாட்டியின் கல்லில் மலையாளம் இருந்தால், தமிழ் மட்டும் படித்த பேத்திக்கும் இதே கதிதான்.

இங்கிலாந்தில் கிராமத் தேவாலயத்துக் கல்லறை வாசகங்களைக் குடும்ப வரலாற்றுச் சங்கத்தார் கல் கல்லாகப் பார்த்து நகலெடுக்கிறார்கள். தெற்காசியாவில் புதையுண்ட ஐரோப்பியரின் கல்லறைகளைப் பதிவு செய்யவே 1970களில் அங்கே ஒரு சங்கம் தோன்றியது. துரைமாருக்குப் பதிவேடு உண்டு. நம் உபதேசியாருக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும்?

கேரளத்தில் கல்லறைத் தோட்டங்களுக்கு இட நெருக்கடி. பழைய குழியிலேயே மறுபடி அடக்கம் செய்வது பல ஊர்களில் வழக்கம். அப்போது பழைய கல் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்குத் தொல்லியல் துறை வர வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு காமிரா, மாலைச் சாய்வெயில் போதும். தேய்ந்த எழுத்து அப்போதுதான் நிழல் விழுந்து தெளியும். கூடவே இரண்டு மொழியும் தெரிந்த ஒரு முதியவர் வேண்டும். கல்லாவது சில காலம் காத்திருக்கும். அவர் காத்திருக்க மாட்டார்.