1968ஆம் ஆண்டின் டிரைவர்

எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணாக்கன் ஒருவன், சென்ற தவணையில் ஒருநாள், வாடிய முகத்தோடு மடிக்கணினி ஒன்றைச் சுமந்து வந்தான். அவர்கள் வீட்டில் உள்ளது அஃதொன்றே. அக்காவின் பல்கலைக்கழகப் படிப்பும் இவனுடைய செயற்றிட்ட அறிக்கையும் அதனையே நம்பியிருந்தன. டிவைஸ் மனேஜரைத் திறந்து பார்த்தவன், இன்டெல் நிறுவனத்தாரின் சிப்செற் டிரைவருக்குத் திகதி 1968 யூலை 18 என்றிருக்கக் கண்டு திகைத்துப் போனான். "சேர், எங்கள் அப்பா பிறப்பதற்கு முன்னே செய்த டிரைவர்!" என்றான். டிரைவர்கள் யாவற்றையும் புதுப்பித்துத் தருவதாக விளம்பரஞ் செய்த ஏதோவொரு மென்பொருளை இறக்கி இயக்கியும் விட்டான். மறுநாட் காலையில் வைபை இல்லை, ஒலியும் இல்லை.

டிரைவர் என்றதும் நமக்குப் பஸ் சாரதியே நினைவுக்கு வருவார். கணினியில் உள்ளவரோ துவிபாஷி. விண்டோஸ் இடும் கட்டளையை உறுப்புக்கு விளங்கும் மொழியிற் சொல்வதே அவர் தொழில். இனிச் சிப்செற் என்பது யாது? மதர்போட்டின் மீதிருந்து, புறொசெசருக்கும் யூ.எஸ்.பி., வன்றட்டு, ஒலி முதலிய உறுப்புகளுக்கும் இடையே போக்குவரத்தை நடத்தும் சிப் அது. முன்னர் வடபாலம், தென்பாலம் என இரண்டு சிப்கள் இருந்தன. நினைவகத்தைக் கவனிக்கும் வேலையை ஏ.எம்.டி. நிறுவனம் 2003இலும் இன்டெல் 2008இலும் புறொசெசருக்குள்ளேயே புகுத்தின. நாளடைவில் வடபாலம் மறைந்தது.

வியப்பு யாதெனில், இன்டெல் சிப்செற் டிரைவர் எனப்படுவது பெரும்பாலும் துவிபாஷியே அன்று, வெறும் இடாப்பு. 'இச்சிப்பின் பெயர் இது' என விண்டோசுக்கு அறிவிக்கும் சிறு எழுத்துக் கோப்புகளே அதில் உள்ளன. பெயர் தெரிந்தபின் வேலையைச் செய்பவை விண்டோசோடு வந்த டிரைவர்களே. ஆகவே அதனை நிறுவுவதாற் கணினி விரைவு பெறும் என எதிர்பார்ப்பது, வகுப்பு இடாப்பைப் புதிதாக எழுதினாற் பிள்ளைகள் கூடுதற் புள்ளி பெறுவர் என்பது போலாகும்.

அத்திகதியோ வேண்டுமென்றே இட்டது. 1968 யூலை 18 இன்டெல் நிறுவனம் தோன்றிய நாள். ஓர் உறுப்புக்குச் சமமாகப் பொருந்தும் டிரைவர்கள் இரண்டு இருப்பின், திகதியாற் பிந்தியதையே விண்டோஸ் தெரிந்துகொள்ளும். மதர்போட் செய்தவர் தம் பலகைக்கென ஒன்று ஆக்கியிருந்தால், அதனை இன்டெலின் பொதுக் கோப்பு தள்ளிவிடலாகாது. அதற்காகவே தம்முடையதற்கு மிகப் பழைய திகதியை இட்டு, வரிசையின் கடைசியில் நிற்க வைத்தார்கள். இந்த அடக்கத்தை முதுமையென மயங்கியதே எம் மாணாக்கன் செய்த பிழை.

அவ்வாறாயின் நிறுவவே வேண்டாமா? விண்டோசைப் புதிதாக இட்டபின், பெயரறியா உறுப்பென மஞ்சட் குறி தோன்றினால், கணினியை அல்லது மதர்போட்டைச் செய்தவரின் தளத்திலிருந்து அந்த மாதிரிக்குரியதை எடுத்து ஒருமுறை நிறுவுக. குறி எதுவுமின்றி யாவும் இயங்கினால் இன்டெல்காரர் அமைதியாக இருக்கலாம். ஏ.எம்.டி. வைத்திருப்போருக்கு எம் விடை வேறு. அவர்கள் நிறுவுவதே நன்று. அந்தப் பொதியில் மெய்யான டிரைவர்கள் பல உள்ளன. 2023இல் வந்த 16 கோர் உடைய ரைசன் புறொசெசர் ஒன்றில், எட்டுக் கோர்களுக்கு மட்டும் பதுக்கு நினைவகம் மிகுதி. விளையாட்டுகளை அந்த எட்டின்பால் திருப்பிவிடுவது சிப்செற் பொதியிலுள்ள டிரைவரே. 2021இல் ஏ.எம்.டி. டிரைவர் ஒன்றில் நினைவகத்தின் உள்ளடக்கம் கசியக்கூடிய குறையொன்று வெளிப்பட்டபோதும், அதற்கான திருத்தம் இப்பொதி வழியாகவும் வந்தது.

எல்லாவற்றையும் புதுப்பிப்பதாகக் கூறும் அயலார் மென்பொருளை யாம் எவருக்கும் பரிந்துரையோம். மாதிரி எண்ணைச் சரிபாராது எதையேனும் ஏற்றிவிடுதல் அவற்றுக்கு இயல்பு. போதாதற்குப் பணமுங் கேட்கும்.

மாணாக்கனின் கணினியில் அதனை முதலில் நீக்கினோம். செய்தவரின் தளத்திலிருந்து வைபை, ஒலி ஆகிய இரண்டு டிரைவர்களையும் கல்லூரிக் கணினியில் இறக்கி, யூ.எஸ்.பி. தட்டில் மாற்றி நிறுவினோம். ஒரு மணி நேரமாயிற்று. அறிக்கை உரிய நாளிற் கைக்கு வந்தது. சிப்செற் டிரைவரை யாம் தொடவில்லை. அதன் திகதி இன்றும் 1968 யூலை 18 தான்.