விருப்பப் பட்டியலை யார் எழுதுவது?

பிளஸ் 2 முடிவுகள் வந்த கையோடு தமிழ்நாட்டு வீடுகளில் பேச்செல்லாம் கட்-ஆஃப் பற்றித்தான். பொறியியலுக்குக் கணிதத்தில் 100, இயற்பியலிலும் வேதியியலிலும் ஐம்பது ஐம்பது என 200-க்குக் கணக்குப் போட்டுவிடுகிறோம். அதற்குப் பிறகு எடுக்க வேண்டிய முடிவைப் பதினேழு வயதுப் பிள்ளையிடமோ, பெற்றோரிடமோ விட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறோம்.

கடன் வாங்கிப் படிக்கவைக்கும் தந்தை “வேலை கிடைக்குமா?” என்று கேட்பதில் தவறில்லை. பலரும் கணினி அறிவியலையே நாடுவதற்கு அந்தக் கவலையும் ஒரு காரணம். வரலாறு படிக்க விரும்பும் மகளிடமும் நியாயம் இருக்கிறது. மனம் ஒட்டாத பாடத்தில் அரியர் சேர்ந்தால் கட்டிய பணமும் வீணாகும். எவ்வளவு செலவிட முடியும் என்பதைப் பெற்றோர் மறைக்காமல் சொல்லட்டும். கேட்கும் படிப்பில் என்னென்ன பாடங்கள், முடித்தபின் என்ன வழி என்பதைப் பிள்ளை விசாரித்து வந்து சொல்லட்டும். பெரும்பாலான வீடுகளில் பேச்சு இணக்கமாகிவிடும். வழியும் ஒன்றல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பி.ஏ. முடித்தவர் மூன்றாண்டு சட்டப் படிப்புக்குப் போகலாம்.

அதிகக் கவனம் வேண்டிய இடம் விருப்பப் பட்டியல். 2018-இல் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பலர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அங்கிருப்பவர் சொல்லும் வரிசையில் கல்லூரிகளைப் பதிகிறார்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் உதவுகிறார். ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. பட்டியல் மேலிருந்து கீழாகவே பார்க்கப்படுகிறது. தரவரிசைப்படி முறை வரும்போது, இடம் காலியாக உள்ள முதல் விருப்பமே ஒதுக்கப்படும். ஆகவே மிகவும் விரும்பும் கல்லூரியை முதலில் எழுதுவதால் இழப்பு ஏதுமில்லை. “நமக்குக் கிடைக்காது” என்று அஞ்சி அதைக் கீழே தள்ளுவதில்தான் இழப்பு. அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து இதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அரசு தன் பங்குக்குச் செய்திருப்பது குறைவல்ல. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் வந்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. தகுதியுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இவை தெரிந்திருக்கின்றனவா என்பதை வகுப்பாசிரியரைவிட நன்றாக அறியக்கூடியவர் இல்லை.

தனியார் கல்லூரிகளின் நெருக்கடியும் புரிகிறது. இடங்கள் நிரம்பாவிட்டால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது சிரமம், விளம்பரம் தேவைதான். ஆனால் ஒரே ஒரு மாணவர் பெற்ற உச்சச் சம்பளத்தைப் பதாகையில் போடுவதோடு, எத்தனை பேர் படித்து முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையும் சேர்த்துப் போட்டால் பெற்றோரின் நம்பிக்கை கூடும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. சேர்க்கை நாளன்றே கல்லூரிகள் அதைச் சொல்லிவிடலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இதில் முன்கை எடுக்கலாம். முடிவுகள் வந்த நாள் முதல் விருப்பப் பதிவு முடியும்வரை பள்ளியின் கணினி அறையை மாலை நேரங்களில் திறந்து வைக்கலாம். ஓர் ஆசிரியரும், வெவ்வேறு படிப்புகளில் சேர்ந்திருக்கும் முன்னாள் மாணவர் இரண்டு மூன்று பேரும், கல்விக் கடன் விவரம் தெரிந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரும் இருந்தால் போதும். ஏப்ரல் மாதக் கூட்டத்திலேயே இதைப் பேசிப் பெயர்களை முடிவு செய்துவிட்டால், மே மாதத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்காது.