மெத்துனு இருந்தா போதுமா?

போன இதழில் நம் பள்ளித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதினேன். இந்த முறை மைதானத்தில் இருக்கும் சிங்கிள் பாரைப் பற்றி எழுதுகிறேன். இதில் எழுத என்ன இருக்கு என்று சிரிக்காதீர்கள். அந்தப் பாரால்தான் நம் கபடி அணியில் ஒருத்தி இப்போது கையில் மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறாள்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். பார் துருப்பிடித்து, பிடித்தால் உள்ளங்கையில் சிவப்பாக ஒட்டும். மதியத்துக்கு மேல் தொடவே முடியாது, அவ்வளவு சூடு. பெண் பிள்ளைகள் கை கொப்புளம் ஆகிறது என்று டவுனில் ஒரு கடையில் கறுப்பு ஸ்பாஞ்சு உறை இரண்டு வாங்கி மாட்டினார்கள். முதல் நாள் எல்லோரும் வரிசையில் நின்று அமுக்கி அமுக்கிப் பார்த்தோம். தலையணை மாதிரி இருக்குடி என்று நானும்தான் சொன்னேன். அதை ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு மாதத்தில் வெயிலில் ஸ்பாஞ்சு வெடித்தது. மழைத்தண்ணீரையும் வியர்வையையும் குடித்து ஒரு நாற்றம் வேறு. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே இருந்த பசை விட்டுப்போய் உறை பைப்பின் மேல் சுற்ற ஆரம்பித்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டாம் வகுப்புத் தோழி தொங்கி ஒரு ஆட்டம் ஆடினாள். அவள் கை ஸ்பாஞ்சை விடவே இல்லை. ஸ்பாஞ்சுதான் பைப்பை விட்டுச் சுழன்றது. பின்பக்கமாக விழுந்து இடது கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டு எலும்பில் கீறல் என்று டாக்டர் சொன்னார்.

இப்போது என்ன பேச்சு என்றால், அந்த உறை மெலிசு, அதனால்தான் இப்படி, இன்னும் தடிமனாக, இன்னும் மெத்தென்று வாங்கலாம் என்கிறார்கள். ரோஸ் கலரில் பெண்களுக்கென்றே வருதாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் உராய்வு படித்தோம் அல்லவா? வெறும் பாரைப் பிடித்தால் உராய்வு ஒரே இடத்தில்தான், கைக்கும் இரும்புக்கும் நடுவில். உறை போட்டால் இரண்டு இடம் ஆகிவிடுகிறது. ஒன்று கைக்கும் உறைக்கும் நடுவில், இன்னொன்று உறைக்கும் பைப்புக்கும் நடுவில். இரண்டில் எது முதலில் வழுக்குதோ அதுதான் நம்மைத் தள்ளிவிடும். கடையில் நாம் அமுக்கிப் பார்ப்பது வெளிப்பக்கத்தை. உள்பக்கத்தை யார் பார்த்தோம்?

அடுத்தது தடிமன். நானும் என் பெஞ்சுத் தோழியும் நூலும் ஸ்கேலும் எடுத்துப்போய் அளந்தோம். நம் பார் ஒரு இஞ்ச் பைப். வெளிச்சுற்று 10.6 செ.மீ. வந்தது. 3.14-ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 3.4 செ.மீ. ஸ்பாஞ்சு ஒரு செ.மீ. தடிமன் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து விட்டம் 5.4 ஆகிறது, சுற்று 17 செ.மீ. ஆகிறது. என் கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்கிற மாதிரி வளையம் போட்டால் அதற்குள் 13 செ.மீ. சுற்றுதான் அடங்கும். ஆறாம் வகுப்புத் தங்கச்சிகளுக்கு அதுவும் வராது. அமுக்கினால் ஸ்பாஞ்சு கொஞ்சம் உள்ளே போகும், சரி. ஆனாலும் விரல் முழுசாக மூடாது. மூடாத கையால் உடம்பு எடையைத் தாங்கினால் சீக்கிரம் வலித்து விட்டுவிடும். தடிமனாக வாங்கலாம் என்பவர்கள் ஒரு தடவை பெரிய சொம்பைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி நினைத்துப் பார்க்கட்டும்.

பளு தூக்கும் போட்டியில் இதை எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று பி.டி. டீச்சர் சொன்னபோது ஆச்சரியமாக இருந்தது. ஆண்கள் தூக்கும் கம்பி 28 மில்லிமீட்டர் விட்டம், பெண்களுக்கு 25 மில்லிமீட்டர்தான். கை சின்னது என்பதால் கம்பியை மெலிதாக்கினார்களே தவிர, மெத்தை வைத்துத் தடிமன் ஆக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் முதல் முறையாகப் பெண்களுக்குப் பளு தூக்குதல் வந்தது. அதில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அந்தக் கம்பியில் உறை கிடையாது. வழுக்காமல் இருக்க சொரசொரப்பாகக் கோடு கோடாக வெட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். கையில் மெக்னீசியம் கார்பனேட் பொடி பூசிக்கொள்வார்கள். (ஒன்பதாம் வகுப்பு அண்ணாச்சிகள் சிலர் இதைக் கேட்டுவிட்டு போர்டு சாக்பீஸை நுணுக்கிக் கையில் பூசுகிறார்கள். அது பெரும்பாலும் ஜிப்சம். வேறு பொருள். வகுப்பில் சாக்பீஸ் குறைவது ஏன் என்று டீச்சருக்கு இப்போது தெரிந்திருக்கும்.)

சரி, நம் பார் வழவழ பைப், துரு வேறு. ஏதாவது சுற்றித்தான் ஆகவேண்டும். எதைச் சுற்றலாம்?

பையன்கள் சைக்கிள் ட்யூப் என்கிறார்கள். கடையில் பஞ்சரான பழைய ட்யூப் சும்மா கிடைக்கும். பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றினால் பைப்பை அட்டை மாதிரி கவ்விக்கொள்ளும், சுழலாது. அதுவரை நல்லதுதான். ஆனால் கறுப்பு ரப்பர் மூன்று மணி வெயிலில் எப்படிச் சுடும் என்று சைக்கிளில் வருகிறவர்களுக்குத் தெரியும். கை வியர்த்தால் வழவழ என்று ஆகிவிடுகிறது, நாங்கள் பார்த்துவிட்டோம். அதனால் வேப்பமர நிழலில் இருக்கிற டபுள் பாருக்கு ட்யூப் போடலாம், வெயிலில் நிற்கிற சிங்கிள் பாருக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

சிங்கிள் பாருக்குப் பருத்தி நாடாதான். பாவாடை நாடாவைவிட அகலமாக, ஒன்றரை இஞ்சில் கிடைக்கும். இல்லையென்றால் பழைய வேட்டியைக் கிழித்தாலும் சரி. மெலிசாக இருக்கும், வியர்வையை உறிஞ்சும், இரும்புச் சூட்டை ஓரளவு மறைக்கும். ஒரு மில்லிமீட்டர் நாடாவைப் பாதிக்குப் பாதி மேலே ஏறுகிற மாதிரி இறுக்கிச் சுற்றினால் இரண்டு அடுக்கு ஆகும். பாரின் சுற்று 12 செ.மீ.யைத் தாண்டாது. என் கைக்குள் அடங்கும். முதலில் உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, நன்றாகக் காயவிட வேண்டும். நுனியை முடிச்சுப் போடக்கூடாது, முடிச்சு உள்ளங்கையில் குத்தும். ஊசி நூலால் தைத்துவிட வேண்டும். பார் முழுக்கவும் வேண்டாம், கை வைக்கிற இரண்டு இடத்தில் ஒரு சாண் ஒரு சாண் போதும்.

நாடாவில் ஒரு தொல்லை உண்டு, மறைக்க மாட்டேன். நனைந்தால் உள்ளே ஈரம் நின்று மறுபடி துரு பிடிக்கும். வெள்ளிக்கிழமை கழற்றித் துவைத்து, திங்கட்கிழமை திரும்பச் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் வேலை. அதை யார் செய்வது என்றுதான் எல்லோரும் ஸ்பாஞ்சு பக்கம் போகிறார்கள் என்று நினைக்கிறேன். கபடி அணியில் நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோம். இரண்டு இரண்டு பேராக முறை போட்டுச் செய்கிறோம். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறோம்.

எதை வாங்கினாலும் சரி, கடைக்குப் போகும்போது ஒரு இஞ்ச் பைப் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் மாட்டி, கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, துணி பிழிகிற மாதிரி திருகிப் பாருங்கள். சுற்றினால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஸ்பாஞ்சே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கழற்றிப் போட்டதில் வெடிக்காத ஒரு துண்டை டீச்சரிடம் கேட்டு வாங்கிப்போய் எங்க பாட்டி ஊன்றுகோலில் மாட்டி, சுழலாமல் நூல் கட்டிக் கொடுத்தேன். பாட்டிக்கு விரல் மூட்டு மடங்காது, இறுக்கிப் பிடிக்க வராது. தடிமனாக இருப்பதுதான் அவங்களுக்குச் சுகம். "இது யார் கண்டுபுடிச்சது, நல்லாருக்கே" என்கிறார்கள். பாட்டி அதில் தொங்கப்போவதில்லையே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகளுக்குக் கை காய்த்துப்போனால் நன்றாக இருக்காது, அதனால்தான் மெத்தை என்று ஒரு கூட்டத்தில் பேசினார்களாம். எங்க அம்மா மண்வெட்டி பிடித்து வேலைக்குப் போகிறவர். அம்மா கையில் காய்ப்பு இருக்கிறது. அந்தக் கையால்தான் எனக்குத் தலை சீவிவிடுகிறார். அம்மாவிடம் கேட்டேன், காம்பில் துணி சுற்றுவீங்களா என்று. "லூசா சுத்துனா அதுதான் கொப்புளம் போடும். சுத்துனா இறுக்கிச் சுத்தணும், இல்லாட்டி சும்மா விட்டுடணும்" என்றார். நூல் பிடித்து நாங்கள் ஒரு மணி நேரம் அளந்ததை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

தோழிக்கு அடுத்த வாரம் மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள். இனி மைதானமும் வேண்டாம், கபடியும் வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார். நான் வீட்டுக்குப் போய், "நாடா சுத்துன பிறகு நீங்களே வந்து திருகிப் பாருங்க அத்தை, சுத்துச்சுனா அவளை அனுப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. பாக்கலாம் என்றுதான் சொன்னார்.

— 9-ஆம் வகுப்பு மாணவி, கபடி அணி