கணவனைத் தின்றவளாம்!

நண்டு தேடிப் படகேறினான் கணவன். ஓடைக்கரைச் சேற்றிலே குனிந்தவனைப் பின்னிருந்து பாய்ந்த புலி இழுத்துச் சென்றது. ஊர் என்ன சொல்லிற்று? புலி தின்றது என்றா? இல்லை, தோழர்களே! இவள் தின்றாள் என்றது. ‘சுவாமி கேகோ’ - கணவனைத் தின்றவள் - வங்கத்துச் சுந்தரவனத் தீவுகளிலே கைம்பெண்ணுக்குச் சூட்டப்படும் பட்டம் இது! அவன் காட்டிலிருக்கும் நாளெல்லாம் இவள் எண்ணெய் தடவலாகாது, தலை வாரலாகாதாம். அத்தனையும் காத்தாள், புலி வந்தது, பழியோ அவள்மீது!

வனபீபி காப்பாள் என்று இந்துவும் இசுலாமியரும் ஒருங்கே வணங்கிக் காட்டில் இறங்குகின்றனர். அந்த ஒற்றுமையை நாம் மதிக்கிறோம். குனிந்த முதுகைக் காத்திட அவள் கரம் நீண்டதாகத்தான் காணோம். 1986-இல் மனித முகமூடியைப் பிடரியில் மாட்டிச் சென்றார்கள். பின்னிருந்தே பாயும் புலி தயங்கிற்று. பிறகு புலி அந்தச் சூதை உணர்ந்துகொண்டது என்பாருமுளர். இருக்கட்டுமே! புலியின் இயல்பறிந்து சோதித்தார்களே, அதுவன்றோ பகுத்தறிவு!

பாமரரை மட்டும் பழித்து ஓய்ந்திடுவோமா நாம்? 1973-இல் அங்கே புலிகள் காப்பகம் கண்ட சர்க்காருக்கும் ஒரு கருவறை உண்டு. கோயிலிலே மூலத்தானம், காட்டிலே உள்காடு. ஏழை நுழைந்தால் தீட்டு! அங்கே மாண்டவன் சட்டத்தை மீறியவன், அவன் மனைவிக்கு இழப்பீடில்லை என்றனர். ஒரு கைம்பெண் வழக்காடிய பிறகே, 2023-இல், கல்கத்தா உயர்நீதிமன்றம் கொடு என்றது. 1979-இல் மரிச்ஜாப்பித் தீவிலே குடியேறிய தாழ்த்தப்பட்ட அகதிகளை, காட்டின் பெயரால், துப்பாக்கி கொண்டு துரத்திய பூமியல்லவா அது!

காட்டோரம் நைலான் வலை கட்டியபின் ஊருக்குள் புலி புகுவது குறைந்தது. அவ்வலையின் கிழிசலை முதலில் காண்பவன் யார்? கல்கத்தாவில் கோப்பு புரட்டும் கனவானா, கரையோரக் குடிசைக்காரனா? தப்பி வந்த புலியைச் சூழும் கூட்டத்தை அடக்கி, அது உயிரோடு காடு திரும்பத் துணை நிற்பவரும் அவ்வூர் இளைஞரே. காவலுக்கு அவர்கள் வேண்டும்; எந்த ஓடையில், எந்நாளில், எத்தனை படகு என்று தீர்மானிக்கும்போது மட்டும் வேண்டாமா? படகு உரிமச் சீட்டு காட்டுக்கே போகாதவன் பெட்டியில் உறங்குகிறது. அதற்கு வாடகையும் கொடுத்து உயிரையும் கொடுக்கிறான் ஏழை!

அந்தச் சீட்டு உழைப்பவன் கைக்கு வரட்டும். தீர்மானிக்கும் அவையிலே, கணவனைத் தின்றவள் என்று ஒதுக்கப்பட்டவளும் அமரட்டும். எந்த ஓடையில், எவ்வேளையில் புலி பாய்ந்தது என்பதை அவள் அறிவாள், கேட்டவர்தாம் இல்லை.